பழைய பிக்கப்பில் பானட், ஃபெண்டர் இடைவெளி: எங்கே கோணினால் எங்கே கை வைப்பது

பழைய பிக்கப் ட்ரக்கைப் பிரித்து, வெல்டிங் வேலை முடித்து, திரும்பப் பூட்டும்போது எல்லோரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பானட்டை மூடினால் ஒரு பக்கம் விரல் நுழைகிறது, மறுபக்கம் தகடும் தகடும் உரசுகின்றன. உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானட் கீலைத்தான் தளர்த்துவோம். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு வார விடுமுறை போனது. கீல் போல்ட்டை எத்தனை தடவை தளர்த்தி இறுக்கினேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் பார்த்தால், ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு (ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம்) அடியில் இருந்த ஒரு ரப்பர் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடந்தது. பானட்டில் ஒரு குறையும் இல்லை.

1947-இல் வந்த ஷெவ்ரலே அட்வான்ஸ் டிசைன், 1953-இல் வந்த ஃபோர்டு எஃப்-100, 1967 முதல் 1972 வரை வந்த சி10 என்று எதை எடுத்தாலும் சங்கதி ஒன்றுதான். கேபின் ஒரு தனிப் பெட்டி, ரப்பர் மெத்தைகள் மேல் சேசிஸில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ரேடியேட்டர் சப்போர்ட் தனியாக, அதுவும் ரப்பர் மேல்தான். ஃபெண்டர்கள், அதாவது முன்சக்கரங்களுக்கு மேலே வரும் பக்கத் தகடுகள், இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி தொங்குகின்றன. பானட் எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக வந்து உட்காருகிறது. ஆகவே கீழே எது கோணினாலும் அது பானட்டில்தான் தெரியும். சரிசெய்யும் வரிசையும் கீழிருந்துதான்: கேபின், கதவு, ஃபெண்டர், அப்புறம் பானட்.

தொடங்கும் முன்

வண்டி தன் நான்கு சக்கரத்தில், சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி வைத்துக்கொண்டு இடைவெளி பார்க்காதீர்கள். இந்த வண்டிகளின் சேசிஸ் சி வடிவச் சட்டம். தாங்கும் இடம் மாறினால் அது வளையும், கூடவே இடைவெளியும் மாறும். எஞ்சினும் ரேடியேட்டரும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். வெறும் சேசிஸில் அழகாகப் பொருத்திவிட்டு அப்புறம் எஞ்சினை இறக்கினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பானட் லாக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். பானட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது அதன் குணம், அது இருக்கும்வரை உண்மையான நிலை தெரியாது. கதவுகளில் புது ரப்பர் பீடிங் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புது ரப்பர் கதவை வெளியே தள்ளும். நீங்கள் ஃபெண்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

விளிம்புகளில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. அளவுக்கு 5 மி.மீ. டிரில் பிட் ஒன்று போதும். அதன் வழவழப்பான தண்டுப் பக்கத்தை இடைவெளியில் விட்டு, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கே கடகடவென்று ஆடுகிறது, எங்கே சிக்குகிறது என்று கைக்கே தெரியும். ஸ்கேல் வைத்து எட்டு இடத்தில் அளப்பதைவிட இது நம்பகமானது. சிக்கும் இடத்தில் டேப் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

எத்தனை மி.மீ. என்று கேட்டால், இவை புதிதாக வந்தபோதே சுமார் 5, 6 மி.மீ. இடைவெளியோடு வந்த வண்டிகள். இன்றைய கார் மாதிரி 3 மி.மீ. பிடிக்கிறேன் என்று இறங்கினால் பெயிண்ட் உதிரும். கண் பார்ப்பது அகலத்தை அல்ல, சீரை. மேலிருந்து கீழ்வரை ஒரே 6 மி.மீ. இருந்தால் அது நல்ல பொருத்தம். 3-இல் தொடங்கி 5-இல் முடிந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் உறுத்தும்.

கதவைத் தூக்கிப் பிடித்தால் இடைவெளி மாறுகிறது

இதை முதலில் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைக் கீழிருந்து தூக்குங்கள். டக்கென்று ஆடினால் கீலின் பின் தேய்ந்திருக்கிறது. எத்தனை ஷிம் தகடு (இடைவெளியைச் சரிசெய்ய நடுவே செருகும் மெல்லிய தகடு) வைத்தாலும் அதைச் சரிசெய்யாமல் ஃபெண்டர் பொருந்தாது, ஏனென்றால் நீங்கள் ஒப்பிடும் கதவே ஓரிடத்தில் நிற்கவில்லை. பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, கதவை அதன் பின்விளிம்பு, கூரை, அடிப்படி மூன்றுக்கும் சேரும்படி நிறுத்துங்கள். ஃபெண்டரை அப்போது பார்க்கவே வேண்டாம். கதவு கேபினோடு சேர வேண்டும், ஃபெண்டர் கதவோடு சேர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வேலை முடிவதே இல்லை.

ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே மேலே அகலம், கீழே இறுக்கம்

பத்து வண்டியில் எட்டுக்கு இந்தப் புகார்தான் என்று தோன்றும் அளவுக்கு அடிக்கடி பார்க்கிறேன். காரணம் ஃபெண்டரின் மூக்கு தொங்கிவிட்டது. முன்பக்கம் இறங்கினால் முழு ஃபெண்டரும் முன்னால் குப்புறச் சாய்கிறது. பின்விளிம்பின் மேல்பகுதி கதவை விட்டு விலகுகிறது, கீழ்பகுதி கதவை நோக்கி வருகிறது.

ரேடியேட்டர் சப்போர்ட் சேசிஸில் உட்காரும் இரண்டு இடங்களையும் குனிந்து பாருங்கள். ஐம்பது அறுபது வருட ரப்பர் கல்லாகியிருக்கும், அல்லது நசுங்கி ஓரத்தில் பிதுங்கியிருக்கும். சில வண்டிகளில் ரப்பரே இல்லாமல் யாரோ ஒரு வாஷரை வைத்து இறுக்கியிருப்பார்கள். புது ரப்பர் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னும் மேலே அகலமாக இருந்தால் ரப்பரோடு சேர்த்து ஷிம் தகடு வைக்க வேண்டும். எவ்வளவு என்று ஊகிக்கத் தேவையில்லை, சின்னக் கணக்கு இருக்கிறது. ஃபெண்டரின் நீளம் அதன் பின்விளிம்பின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், முன்னால் 3 மி.மீ. தூக்கும்போது பின்விளிம்பில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் 1.5 மி.மீ. குறையும். மேலே 8, கீழே 5 என்றால் வித்தியாசம் 3. அப்படியானால் முன்னால் 6 மி.மீ. தூக்க வேண்டும். உங்கள் ஃபெண்டரின் நீளத்தையும் அதன் பின்விளிம்பின் உயரத்தையும் அளவு டேப்பால் அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு முன் ஃபெண்டரின் பின்பக்க போல்ட்டுகளைத் தளர்த்த மறக்கக் கூடாது. மேலே கவுலோடு, அதாவது முன்கண்ணாடிக்குக் கீழே ஓடும் தகட்டோடு, சேரும் இடத்தில் ஒன்றிரண்டு இருக்கும். பல வண்டிகளில் கதவைத் திறந்தால்தான் கண்ணில் படுகிற போல்ட் ஒன்றும் உண்டு. கீழே அடிப்படியோடு சேரும் இடத்தில் இன்னொன்று. அதுதான் சேற்றில் புதைந்து துருப்பிடித்துக் கிடக்கும். உள்பக்கம் கூண்டு நட்டு இருந்தால், அவசரப்பட்டு முறுக்கினால் கூண்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். இந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 5/16 இன்ச், 3/8 இன்ச் போல்ட்டுகள்தான், அதாவது 1/2, 9/16 ஸ்பேனர்கள். மெட்ரிக் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றி முனையை உருட்டிவிடாதீர்கள்.

ஜாக்கிக்கும் சப்போர்ட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்து மெதுவாகத் தூக்குங்கள். ஒருவர் தூக்க, இன்னொருவர் கதவுப் பக்கம் டிரில் பிட்டோடு நிற்கலாம். கதவுப் பக்க இடைவெளி சீரானதும் சப்போர்ட்டின் அடியில் உண்டான இடைவெளியை அளந்து அந்தக் கனத்துக்குத் தகடு செருகுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தை அப்படியே விடாதீர்கள். சப்போர்ட் ஒரே சட்டம், ஒரு காலை உயர்த்தினால் மறுகாலும் கொஞ்சம் அசையும்.

இதற்கு நேர் எதிர், மேலே இறுக்கம் கீழே அகலம் என்றால், யாரோ ஏற்கெனவே தகடு அதிகமாக அடுக்கியிருக்கிறார்கள், அல்லது புது ரப்பர் தடிமனாக இருக்கிறது. எடுத்துக் குறையுங்கள். கேபினின் முன் ரப்பர்கள் அமுங்கியிருந்தாலும் இப்படித் தெரியும். சப்போர்ட்டில் தகடே இல்லாமல் இந்தக் குறை இருந்தால் கேபினுக்கு அடியில் தேடுங்கள்.

இடைவெளி சரி, ஆனால் ஃபெண்டர் கதவைவிடத் துருத்திக்கொண்டிருக்கிறது

உள்ளங்கையைக் கதவிலிருந்து ஃபெண்டருக்கு நகர்த்தும்போது விரலில் ஒரு படி தட்டும். கீழே தட்டினால் அடிப்படி போல்ட்டில் ஃபெண்டருக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டைக் குறையுங்கள். உள்ளே போயிருந்தால் கூட்டுங்கள். மேலே என்றால் கவுல் போல்ட்டில் அதே வேலை. பிளவு வைத்த ஷிம் தகடாக இருந்தால் போல்ட்டை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை, தளர்த்திச் செருகிவிடலாம். முன்னால் போகும்போது காற்று பிடிக்காமலிருக்க, கதவைவிட ஃபெண்டர் ஒரு மயிரிழை வெளியே இருக்கலாம். கதவு வெளியே நின்றால் அதன் விளிம்பில் விசில் சத்தம் வரும்.

பானட்டின் இடப்பக்கம் முன்னால் அகலம், வலப்பக்கம் பின்னால் அகலம்

குறுக்காக அகலமும் குறுக்காக இறுக்கமும் வந்தால் இரண்டில் ஒன்று: பானட் கீலில் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது பானட் நேராக இருக்கிறது, முன்பகுதி முழுக்க ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பானட்டின் பின்விளிம்புக்கும் கவுலுக்கும் நடுவே பாருங்கள். அங்கேயும் ஒரு மூலை அகலம், ஒரு மூலை இறுக்கம் என்றால் பானட்தான் திரும்பியிருக்கிறது. கீலும் பானட்டும் சேரும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இறுகிய மூலையை முன்னால் இழுங்கள். அங்கே துளைகள் நீளவாக்கில் வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

கவுல் பக்கம் சீராக இருந்து, பக்கவாட்டில் மட்டும் குறுக்குக் கோணல் என்றால் பானட்டைத் தொடாதீர்கள். அளவு டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வலது ஃபெண்டரின் பின் மேல் போல்ட்டிலிருந்து இடது ஃபெண்டரின் முன் மேல் போல்ட்டுக்கு, அப்புறம் அதன் எதிர்ப்பக்கம். 3 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன்பகுதி செவ்வகமாக இல்லை, இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் சப்போர்ட்டின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தின் வழியே ஒரு ராட்செட் பட்டையைக் கட்டி, சொடுக்குச் சொடுக்காக இழுங்கள். அடித் துளைகள் போல்ட்டைவிடப் பெரியவை, கொஞ்சம் நகர இடம் கொடுக்கும். இரண்டு மூலைவிட்டமும் சமமானதும் பட்டையை அவிழ்க்காமலே போல்ட்டை இறுக்குங்கள்.

இரண்டு பக்கமும் முன்னால் அகலம், பின்னால் சரி என்றால் ஃபெண்டர்கள் மூக்கில் விரிந்திருக்கின்றன. ஃபெண்டருக்கும் சப்போர்ட்டுக்கும் நடுவே உள்ள தகடுகளைக் கழியுங்கள். நெருக்கமாக இருந்தால் தகடு சேருங்கள். வேறு மந்திரம் இல்லை.

பானட்டின் பின்மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது

பொறுமையைச் சோதிப்பது இதுதான். முன்னால் எல்லாம் அழகாக உட்கார்ந்திருக்கும், கண்ணாடிக்குக் கீழே மட்டும் மூலை அரை அங்குலம் எழும்பி நிற்கும்.

உள்ளங்கையை அந்த மூலையில் வைத்து அழுத்துங்கள். துளியும் அசையாவிட்டால் கீல் உயரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் கீலும் உடலும் சேரும் போல்ட்டுகள் உயரத்துக்கு, கீலும் பானட்டும் சேரும் போல்ட்டுகள் முன் பின் நகர்வுக்கு. உடல் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கீலை இறக்கி, இறுக்கிவிட்டு மூடிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல், அதிலும் ஒரு போல்ட்டையாவது லேசாகப் பிடித்தபடி விடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாமல் போகும். தொடங்குமுன் கீலைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் நல்லது.

அழுத்தினால் இறங்கி, கையை எடுத்ததும் மறுபடி எழும்பினால் சங்கதி வேறு. ஸ்பிரிங் தள்ளுகிறது, கீலின் ரிவிட்டுகள் தேய்ந்து அதற்கு இடம் கொடுக்கின்றன. உறுதி செய்ய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். அதற்கு முன் பானட்டைக் கட்டையால் முட்டுக் கொடுத்து, ஓர் ஆளையும் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் இல்லாத பானட் கில்லட்டின் கத்தி மாதிரி விழும், அந்த ஸ்பிரிங்குகளும் விரலைப் பதம் பார்க்கக்கூடியவை. ஸ்பிரிங் இல்லாமல் மூலை சமமாக உட்கார்ந்தால் பானட் நிரபராதி, கீலைப் பழுதுபார்க்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். போல்ட்டை இறக்கி இந்தக் குறையை மறைக்கப் பார்த்தால் அடுத்த மாதம் அதே மூலை அதே உயரத்தில் நிற்கும்.

ஸ்பிரிங் இல்லாமலும் எழும்பி நின்றால், நீளமான ஸ்கேல் ஒன்றைப் பானட்டின் பக்கவிளிம்பு ஓரமாக நீளவாக்கில் வையுங்கள். கீல் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கூன் தெரிகிறதா? எண்ணெய் காணாத கீல் மடங்க மறுக்கும்போது, முன்னால் பிடித்து அழுத்தி மூடுகிறவர்களால் வருவது அது. கீல் மடங்கவில்லை, தகடு மடங்கியிருக்கிறது. உள்ளே உள்ள தாங்குசட்டமும் அந்த இடத்தில் விண்டிருக்கும். கீல் சுலபமாக மடங்கும்படி ஆக்கி, கூனை நிமிர்த்தி, உள்சட்டத்தை வெல்டு வைத்த பிறகுதான் பொருத்தம் பற்றிப் பேச முடியும். பானட் கீலுக்கு எண்ணெய் விடுவதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை.

திறக்கும்போது பின்விளிம்பு கவுலில் இடிக்கிறது

மூடியிருக்கும்போது எல்லாம் சரி. திறக்கத் தொடங்கும் முதல் சில அங்குலத்தில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம், டேப்பில் ஒரு கீறல். கீல் சுழலும்போது பின்விளிம்பு ஒரு வளைவில் நகர்கிறது, அந்த வளைவுக்கு இடம் போதவில்லை. பானட்டை 1, 2 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். மூக்குப் பக்கம் இடமில்லையென்றால் கீலை உடல் பக்கத்தில் துளி உயர்த்திப் பாருங்கள். டேப் ஒட்டச் சொன்னதன் அருமை இங்கே தெரியும்.

முன்மூலை ஒன்று உயரம், அல்லது ஓடும்போது பானட் படபடக்கிறது

இப்போதுதான் ரப்பர் ஸ்டாப்பர்களும் லாக்கும். முன்மூலைகளின் உயரத்தைத் தாங்க வேண்டியது ஸ்டாப்பர், லாக் அல்ல. லாக் இல்லாமல் பானட்டை மூடி, இரண்டு ஸ்டாப்பர்களையும் திருகி மூலைகளை ஃபெண்டரோடு சமமாக்குங்கள். பூட்டு நட்டை இறுக்குங்கள். அப்புறம் லாக்கைப் பூட்டி, பானட்டின் கொண்டி லாக்கின் நடுவில் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது பானட் பக்கவாட்டில் அசைந்தால் லாக்கை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். கொண்டியின் நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பூட்டியபோது ரப்பர் லேசாக அமுங்கும் அளவில் நிறுத்துங்கள். அமுங்காவிட்டால் படபடக்கும். அளவுக்கு மீறி அமுங்கினால் மூடுவதற்கு ஓங்கி அறைய வேண்டியிருக்கும், திரும்பவும் கூன்தான்.

இரண்டு ஸ்டாப்பரும் ஒரே உயரம், கீல்களும் சரி, ஆனால் ஒரு முன்மூலை மட்டும் தூக்குகிறது என்றால் பானட்டே முறுக்கியிருக்கிறது. தாழ்ந்த மூலைக்கு அடியில் துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து, உயர்ந்த மூலையை இரண்டு கையாலும் நிதானமாக அழுத்துங்கள். குதிக்கவோ தட்டவோ வேண்டாம். கொஞ்சம் அழுத்தி, மூடிப் பார்த்து, திரும்ப அழுத்த வேண்டும்.

எல்லாம் செய்தாயிற்று, ஒரே ஓர் இடம் மட்டும் ஒத்துவரவில்லை

இதற்குமேல் போல்ட்டால் ஆகாது, டிங்கரிங் வேலை. அகலமான இடத்தில் விளிம்போடு மெல்லிய கம்பியை வைத்து, புள்ளி புள்ளியாக வெல்டு செய்து, ராவி வடிவம் கொடுக்கலாம். ஒரே மூச்சில் வெல்டு ஓட்டினால் தகடு சூட்டில் நெளியும். இறுக்கமான இடத்தில் அரைத்துத் தள்ளும் ஆசை வரும். விளிம்பு மடித்த தகடாக இருந்தால் ஓரளவுக்கு மேல் அரைக்கும்போது மடிப்பு திறந்து இரண்டு இதழாகப் பிரியும். அரைக்கும் முன் சுத்தியலும் பின்னால் ஒரு கட்டையும் வைத்து விளிம்பை நகர்த்திப் பாருங்கள். பட்டியால் இடைவெளியை அடைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: விளிம்பில் நிற்கும் பட்டி முதல் கதவு அடியிலேயே உதிரும்.

புதிதாக அச்சடித்து வரும் மாற்று ஃபெண்டர்களில் இந்தத் தொல்லை அதிகம். பழைய அசல் ஃபெண்டர் சப்பையாகவே இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வளைவு எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட அதுதான் உதவும்.

பெயிண்டுக்குக் கழற்றும் முன்

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து மறுபடி டிரில் பிட்டை விடுங்கள். ரப்பர்கள் உட்கார்ந்து ஏதாவது நகர்ந்திருந்தால் இப்போது திருத்துவது சுலபம். பெயிண்ட் பூச்சு ஒரு விளிம்புக்கு 0.1 முதல் 0.15 மி.மீ. வரை கனம் கூட்டும், கனமான பிரைமர் அடித்தால் அதற்கும் மேல். இரண்டு விளிம்பும் சேரும்போது இடைவெளியில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரையாவது போய்விடும். அதனால் இப்போதே துளி தாராளமாக விடுங்கள்.

பிறகு, கீலும் பானட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் இரண்டையும் ஊடுருவி ஒரு 3 மி.மீ. துளை போடுங்கள், ஒரு கீலுக்கு இரண்டு. கீலும் உடலும் சேரும் இடத்திலும் அதேபோல. வெளித்தகட்டைத் துளைத்துவிடாமலிருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் போல்ட்டில் எத்தனை தகடு என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, தகடுகளை அதனதன் போல்ட்டோடு கம்பியில் கோத்துக் கட்டிவையுங்கள். பெயிண்ட் முடிந்து பூட்டும்போது துளைகளில் 3 மி.மீ. கம்பியைச் செருகி, அப்புறம் போல்ட்டை இறுக்கினால் பானட் அதே இடத்தில் வந்து நிற்கும். முதல் தடவை மூடும்போது விளிம்புகளில் டேப் இருக்கட்டும். ஒருவர் முன்னால் நின்று மெதுவாக இறக்க, இன்னொருவர் கவுல் பக்கம் குனிந்து ‘நிறுத்து’ என்று சொல்லத் தயாராக நிற்கட்டும்.